துவைக்காத சட்டை

வியாழன், பிற்பகல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. எல்லோரும் இருக்கிறோம். உன் அம்மா நலம், சலவைக் கடையும் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று அவள் சொல்லித் தெரிந்துகொள்கிறேன்.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். உன் அம்மா நாற்பது நிமிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கும்போதுதான் உன் கப்பல் கட்டும் தளத்தில் சங்கு ஊதுகிறது. "சாப்பிட்டீங்களாப்பா" என்கிறாய், "ஆச்சு" என்கிறேன், "சங்கு ஊதிட்டாங்கப்பா" என்று வைத்துவிடுகிறாய். ஒன்பது மாதமாக நாம் பேசியது இவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை. முப்பது வருடம் நீராவி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று எனக்கும் பாதிக் காது போய்விட்டது. நீ பத்து வார்த்தை சொன்னால் நாலுதான் விழும். காகிதத்தில் எழுதினால் முழுசாக வந்து சேரும், நடுவில் சங்கும் ஊதாது.

விஷயம் உன் நாயைப் பற்றியது. முகமெல்லாம் வெளுத்துப்போன பதினாலு வயது ஆளைக் "குட்டி" என்று கூப்பிட எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். உன் அம்மா கூப்பிடுகிறாள். நான் பெரியவர் என்றே சொல்லிவருகிறேன். அவர் நன்றாக இருக்கிறார் என்று உன் அம்மா வாராவாரம் உன்னிடம் சொல்வது பாதிதான் உண்மை. தூரத்தில் இருக்கிற பிள்ளையை ஏன் கலவரப்படுத்த வேண்டும் என்பது அவள் கட்சி. தெரியாமல் இருப்பதுதான் பெரிய கலவரம் என்பது என் கட்சி.

கண் சுத்தமாகப் போய்விட்டது. காதும் அப்படித்தான், தலைமாட்டில் பாத்திரம் விழுந்தாலும் திரும்புவதில்லை. பின்னங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. தரை வழுக்குகிறது என்று கடையில் கழித்துப்போட்ட விடுதித் துண்டுகளைக் கொல்லை வாசலிலிருந்து மாடிப்படி வரைக்கும் வரிசையாக விரித்திருக்கிறேன். அவர் அதன்மேல் மட்டும் நடக்கிறார், ராஜா மாதிரி. வெளியே போக வேண்டுமானால் வயிற்றுக்கு அடியில் ஒரு நீளத் துண்டைக் கொடுத்து இரண்டு முனையையும் நான் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவர் முன்காலால் நடப்பார், நான் பின்காலாக நடப்பேன். தெருவில் எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

இயந்திரம் மணி அடிக்கிறது. போய்விட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். எங்கே விட்டேன்? ஆம், சாப்பாடு. தட்டில் வைத்தால் தட்டு எங்கே என்று தெரியாமல் நிற்கிறார். கையில் எடுத்து மூக்குக்குக் கீழே நீட்டினால் சாப்பிடுகிறார். சோற்றில் முட்டையைப் பிசைந்து உன் அம்மா ஊட்டுவாள். அவள் கைக்கு ஐந்து வாய், என் கைக்கு இரண்டு வாய். அதிலும் ஓரவஞ்சனை.

நான் எழுத உட்கார்ந்த காரணம் இதெல்லாம் இல்லை. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் படுப்பதில்லை. ஒன்பது நாளாகிறது. படிக்குக் கீழே இருக்கும் தன் இடத்துக்குப் போகிறார், முகர்கிறார், திரும்பிவிடுகிறார். அப்புறம் நடை. கொல்லை வாசல், அடுப்படி, உன் அறை, மறுபடியும் கொல்லை வாசல். மூலையில் போய் முட்டிக்கொண்டு, எப்படித் திரும்புவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து நிற்கிறார். நான் போய்த் திருப்பிவிட வேண்டும். கால் மடங்கி விழுந்த இடத்தில் பத்து நிமிடம் கண்ணயர்வார், அவ்வளவுதான் தூக்கம். அவர் நகம் தரையில் உரசும் சத்தம் என் பாதிக் காதுக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள். எனக்கும் ஒரு வேலையில் மனம் நிற்கவில்லை. நேற்று ஒரு வெள்ளைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு அவரைத் திருப்பிவிடப் போய்விட்டேன். முப்பது வருடத்தில் நான் தீய்த்த மூன்றாவது துணி அது.

ஏன் இப்படி என்று எனக்குத் தெரியவில்லை. வயது என்கிறாள் உன் அம்மா. நீ இருந்தபோது அவரை எப்படிப் படுக்கவைப்பாய் என்று எழுது. உனக்கு விடுமுறை கிடைக்க இன்னும் பத்து வாரம் இருக்கிறது. அதுவரைக்கும் அவரை நிறுத்திவைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். நீ வந்து பார்க்காமல் எதுவும் ஆகக்கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பா


திங்கள், காலை

அன்பு மகளுக்கு,

இதை உட்கார்ந்து எழுதவில்லை. மடிக்கும் மேசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்தால் எழுதாமல் எழுந்துவிடுவேன்.

என் கடிதம் கிடைத்ததும் நீ அம்மாவுக்குப் போன் செய்து, "என் கட்டம் போட்ட நீலச் சட்டை இருக்குல்ல, அது மேலதான படுப்பான், அதை எடுத்துப் போடச் சொல்லு" என்றாயாம். அவள், "அதை உங்க அப்பாவே எழுதுவாரு, அவர் பண்ணின காரியத்தை அவரே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஆகையால் சொல்கிறேன். ஏன் என்று தெரியவில்லை என்று போன கடிதத்தில் எழுதியது பொய். எனக்குத் தெரியும்.

அந்தச் சட்டையை நான் துவைத்துவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடுதி வண்டி ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. அரக்கப் பரக்க ஓடிக்கொண்டிருந்தேன். படிக்குக் கீழே பார்த்தால் பெரியவர் சட்டையை நனைத்து வைத்திருக்கிறார். கறையைப் பார்த்தால் என் கை கேட்காது, உனக்குத் தெரியும். வேண்டுமென்று செய்யவில்லை. இயந்திரத்தில்கூடப் போடவில்லை. கையால் துவைத்தேன், வெதுவெதுப்பான தண்ணீரில், மெல்லிய சோப்பில். மூன்று தண்ணீர் அலசி, நிழலில் காயப்போட்டு, காலரைத் திருப்பி நீராவி கொடுத்து, புதுச்சட்டை மாதிரி மடித்துக் கொண்டுபோய் அவர் இடத்தில் வைத்தேன். என்ன சுத்தம், அனுபவியுங்கள் என்று அவரிடம் சொல்லக்கூடச் செய்தேன். பெரியவர் வந்தார். மூக்கை வைத்தார். ஒரு முறை, இன்னொரு முறை, அப்புறம் மடிப்புக்குள்ளே மூக்கை நுழைத்துத் தேடினார். திரும்பி நடந்தார். அன்று ஆரம்பித்த நடைதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே உன் பொருள் வேறு ஏதாவது கிடைக்காதா என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். உன் தலையணை உறை, போர்வை, குல்லா, பள்ளிக்கூடத்துப் பை. எல்லாம் சோப்பு வாசனை. நீ கிளம்பிய மறுநாளே உன் அறையில் இருந்த அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய்த் துவைத்தவன் நான்தான். கோபத்தில் செய்கிறேன் என்று உன் அம்மா நினைத்தாள். கோபம் இல்லை. கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. பெரியவர் உறுமிக்கொண்டு அந்தச் சட்டைமேல் படுத்திருந்ததால் அது ஒன்று மட்டும் என்னிடமிருந்து தப்பியது. ஒன்பது மாதம் கழித்து அதையும் பிடித்துவிட்டேன். சலவைக்காரன் வீட்டில் யாருடைய வாசனையும் மிஞ்சாது போலிருக்கிறது.

இன்னொரு கூத்தையும் கேள். பெற்றவள் வாசனையும் பிள்ளை வாசனையும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும் என்று யோசித்து, உன் அம்மாவை அந்தச் சட்டையை ஒருநாள் முழுக்கப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். முனகிக்கொண்டே போட்டுக்கொண்டாள், பொத்தான் சேரவில்லை. சாயங்காலம் கழற்றி வைத்தோம். பெரியவர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மினார். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை நாய் டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். அரை மணி நேரம் பெரியவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, சிறுநீரகமும் சரியில்லை என்றார். அப்புறம் நான் சட்டை கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. "கண்ணும் இல்ல, காதும் இல்ல, மூக்கு ஒண்ணுதான் மிச்சம். எது தன்னோட வீடுன்னு அதுக்கு அந்தச் சட்டைதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. இப்போ வீட்டுக்குள்ளயே வீட்டைத் தேடுது" என்றார். வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார். இரண்டு வாரம் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகும் இப்படியே நடந்து நடந்து தன்னைத் தீர்த்துக்கொண்டிருந்தால், ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடுவதுதான் நல்லது என்றார். என் மகள் வர எட்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது என்றேன். அதுவரைக்கும் நிறுத்திவைப்பது உங்களுக்காகத்தான், அதுக்காக இல்லை என்றார். உன் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வாசலில் துணி வாங்க ஆள் நிற்கிறது. வருகிறேன்.

மகளே, ஒரு விஷயத்தை இப்போதே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன். நீ கிளம்பிய அன்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாய். நான் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. "நாயை யாரு பாக்குறது, எனக்கு நேரம் கிடையாது" என்றேன். கடையை உன் கையில் கொடுக்கலாம் என்று இருந்தவனிடம், இரும்பை உருக்கி ஒட்டுகிற வேலைக்குப் போகிறேன் என்று வந்து நின்றாயே என்ற வயிற்றெரிச்சல். நீ படிக்குக் கீழே போய் அவரிடம் சொல்லிக்கொண்டு, போட்டிருந்த சட்டையைக் கழற்றி அவருக்கு விரித்துவிட்டு, வேறு சட்டை மாட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போய்விட்டாய். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நான் சொல்ல நினைத்தது நாயைப் பற்றி இல்லை. அந்த ஒரே விரிப்பை அன்று மத்தியானம் வரை பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒரு உதவி. நீ போட்ட சட்டை ஒன்றை அனுப்பு. மூன்று நாள் விடாமல் போட்டுக்கொள். வாசனைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். கழற்றியதும் ஈரத்தோடு கட்டாதே, பூஞ்சை பிடித்துவிடும். வியர்வை காய்ந்த பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டி அனுப்பு. தயவுசெய்து அலசிவிடாதே, உனக்கும் என் கைதான். அழுக்குத் துணி கேட்டு வாங்குவதுதான் என் தொழில். துவைக்காமல் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்பது இதுதான் முதல் தடவை.

சீக்கிரம் அனுப்பு. இரண்டு வாரத்தில் இரண்டு நாள் போய்விட்டது.

அப்பா


ஞாயிறு

என் மகளுக்கு,

அம்மா போனில் அழுததில் உனக்கு முக்கால்வாசி தெரிந்திருக்கும். மீதியை நான் சொல்கிறேன். வரிசையாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே புரியாது.

உன் பொட்டலம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. டாக்டரம்மா சொன்ன கெடுவுக்கு நாலு நாள் இருந்தது. அதற்குள் நான் தபால் ஆபீசுக்கு ஆறு தடவை போய்விட்டேன். கடைசி இரண்டு தடவை என்னைப் பார்த்ததுமே அங்கிருந்த பெண் தலையை ஆட்டிவிட்டாள். தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது நான் இஸ்திரி மேசையில் இருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு பிரிக்கலாம் என்று போனவன், சோப்பைத் தொடப் பயந்து திரும்பிவந்து துணியால் துடைத்துக்கொண்டேன்.

பையை அவிழ்த்து, அவருக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை விரித்துப் பார்த்தேன். மன்னித்துக்கொள், தொழில் புத்தி. ஒரு சட்டையைப் பார்த்தால் போட்டவர் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். காலரின் உள்ளே நம் வீட்டுக் குறி இருந்தது, இரண்டு புள்ளி ஒரு கோடு, நான் மையால் போட்டது, மங்கிப்போய். இங்கிருந்து நீ போட்டுக்கொண்டு போன சட்டை. மூன்றாவது பொத்தான் வேறு நிறம், தைத்த நூல் அதைவிட வேறு நிறம். இடது தோளில் மட்டும் துணி நைந்திருக்கிறது, எதையோ கனமாகத் தினமும் அந்தத் தோளில் சுமக்கிறாய். கழுத்துக்குக் கீழே கடுகு அளவில் ஏழு ஓட்டை, ஓரம் கருகியிருக்கிறது. உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். மேற்பார்வை பார்க்கிறவள் கழுத்தில் நெருப்புப் பொறி விழாது. அவளிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என் முழங்கைக்குக் கீழே நீராவி பட்ட தழும்பு பதினொன்று இருக்கிறது. அதில் பாதி என் அப்பாவுக்குத் தெரியாது.

உன் தையல் மட்டும் நேராக இருந்தது. அதைப் பார்த்ததும், இவள் ஒட்டுகிற இரும்பும் நேராகத்தான் இருக்கும் என்று தோன்றியது. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

சட்டையைக் கொண்டுபோய்ப் படிக்குக் கீழே விரித்தேன். பெரியவர் அடுப்படியிலிருந்து துண்டு வரிசையில் வந்துகொண்டிருந்தார். வழக்கம்போலத் தாண்டிப் போனார். இரண்டு அடி போனவர் நின்றார். தலையைத் தூக்கினார். பின்னங்கால் திரும்பாமல் முன்னங்காலை மட்டும் திருப்பி, தவழ்ந்த மாதிரி வந்து, காலருக்குள் மூக்கை வைத்தார். அப்படியே சரிந்துவிட்டார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் படுத்தவர், விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நாலு வாரத்துத் தூக்கம். இடையில் நாலு தடவை போய் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். அன்று கடையில் வேலையே ஓடவில்லை, இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். வாடிக்கையாளர்கள் கேட்டதற்கு, வீட்டில் பெரியவர் தூங்குகிறார் என்றேன்.

பொட்டலத்தில் நீ வைத்திருந்த சீட்டை அப்புறம்தான் படித்தேன். நாலே வரி. "அப்பா, நான் வரும்வரை அவனைக் காக்கவைக்காதீர்கள். சட்டை மேல் தூங்கினால் போதும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை." அந்த நாலாவது வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. மடித்து என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அந்தச் சட்டையைத் துவைக்கும் முன் ஞாபகமாக எடுத்துவிட வேண்டும்.

மூன்று நாள் நிம்மதியாகப் படுத்திருந்தார். நடக்கவில்லை, தேடவில்லை. ஆனால் சாப்பாட்டை விட்டுவிட்டார், அம்மா கையிலும்கூட. வெள்ளிக்கிழமை காலையில் வெறும் தண்ணீர்கூட இறங்கவில்லை, முனக ஆரம்பித்தார். வேலை நேரத்தில் உன் போனைத்தான் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்களே, யாரைக் கேட்பது? சீட்டை இன்னொரு தடவை எடுத்துப் படித்தேன். டாக்டரம்மாவுக்கு நானே போன் செய்தேன். நீ வந்து பார்க்காமல் எதுவும் ஆகக்கூடாது என்று எழுதியவன் நான்தான். என் வார்த்தையை நான் காப்பாற்றவில்லை.

பத்தரை மணிக்கு டாக்டரம்மா வந்தார். பெரியவரைச் சட்டையோடு சேர்த்துத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். எடையே இல்லை, காய்ந்த போர்வை மாதிரி இருந்தார். மூக்கு காலருக்குள்ளேதான் இருந்தது. டாக்டரம்மா ஊசியை எடுத்தபோது, குனிந்து அவர் காதுக்குள் "குட்டி" என்று கூப்பிட்டேன். பதினாலு வருடத்தில் முதல் தடவை. அவருக்குக் கேட்டிருக்காது. உன் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

துணி காயப்போடும் முற்றத்தில், வெயில் முதலில் விழுகிற பக்கம், நானே தோண்டினேன். பாதிச் சட்டையை வெட்டி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. கத்தரிக்கோலைக்கூடக் கையில் எடுத்தேன். அவர் வீட்டில் பாதியை எடுத்துக்கொள்ள நான் யார் என்று வைத்துவிட்டேன். முழுச் சட்டையோடும்தான் போனார்.

துண்டுகளை இன்னும் எடுக்கவில்லை. உன் அம்மா எடுக்கச் சொல்கிறாள், நாளைக்கு நாளைக்கு என்கிறேன். அதன்மேல்தான் நடக்கிறேன், தரையில் கால் வைக்க என்னவோ போல இருக்கிறது. நடு மத்தியானத்தில் யாரையோ திருப்பிவிட வேண்டும் என்று எழுந்துபோய் மூலையைப் பார்த்துவிட்டு வருகிறேன். இப்போது நடப்பது என் முறை போலிருக்கிறது.

உன் விடுமுறைக்கு இன்னும் ஏழு வாரம். நாய் இல்லாத வீட்டுக்கு எதற்குப் போவது என்று இருந்துவிடாதே. முன்வாசல் வழியாக வா. வரும்போது எல்லாவற்றையும் துவைத்து மடித்து நல்ல பிள்ளையாக எடுத்துக்கொண்டு வராதே. பை நிறைய அழுக்காகவே கொண்டு வா. அத்தனையையும் நான் துவைத்துத் தருகிறேன். ஒன்றை மட்டும் துவைக்காமல் வைத்துக்கொள்வேன். போகும்போது எண்ணிப் பார்த்து எங்கே என்று கேட்காதே.

நன்றாக இரு, கண்ணே. கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வேலை செய்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பா